பெரணி வாசனையும் பேட்டை வாடையும்

"மேற்படி வீட்டில் நான் வைத்துக் கொடுத்த பெரணிச் செடியின் இலையை அறுத்துக் காயப்போட்டால் இனிப்பான வாசனை வரும். சம்பவத்தன்று அந்த வீட்டு மாடியில் அப்படிப்பட்ட இலை நிறையக் காய்ந்துகொண்டிருந்தது. அதை நேரில் பார்த்தேன். அன்று தெருவில் வந்த வாசனை அந்த இலையிலிருந்து வந்ததுதானா என்பது எனக்குத் தெரியாது."

ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், திருப்பாதிரிப்புலியூரில் என் நர்சரியில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்த கடிதம் இது. நகல் என்னிடம் இருக்கிறது. ஆண்டைப் போடாமல் எதையும் எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ஆனால் இதில் விட்டிருக்கிறேன். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். இதில் வருகிறவர்களில் ஒருவர் இன்னும் இங்குள்ள தொழிற்பேட்டையில்தான் வேலை பார்க்கிறார்.

புதிதாக நர்சரி வைத்திருக்கும், வீட்டுத்தோட்டம் போட்டுக் கொடுக்கும் உங்களில் சிலர், "வாசனைப் பெரணி கேட்டு ஆள் வருகிறார்கள், எப்படி வளர்ப்பது?" என்று கேட்டிருந்தீர்கள். வளர்ப்பது பெரிய வித்தையில்லை. தரையோடு ஓடும் தண்டை மண்ணுக்குள் புதைக்காமல் மேலேயே கிடத்த வேண்டும், உச்சி வெயில் படக்கூடாது, தண்ணீர் தேங்கக்கூடாது. மற்றதைச் செடியே பார்த்துக்கொள்ளும். நான் சொல்ல வருவது விற்ற பிறகு நடப்பதைப் பற்றி.

முதலில் அந்தச் செடியை ஒழுங்காகத் தெரிந்துகொள்ளுங்கள். விரல் விரித்த கைபோல இலை, தடிப்பாக, பளபளப்பாக இருக்கும். நன்றாக இருக்கும் இலையை மோந்தால் ஒன்றும் வராது. கசக்கினால் லேசாக வரும். அறுத்துக் காயப்போட்டால்தான் முழு வாசனை. புதிதாக அறுத்த புல் காயும்போது வருமே, அந்த இனிப்பு, அதில் கொஞ்சம் ஏலக்காய் சேர்ந்ததுபோல. புல்லில் இருக்கும் அதே சரக்குதான் இதிலும் இருக்கிறது என்று படித்திருக்கிறேன். உயிரோடு இருக்கும்போது மணக்காமல் காயும்போது மணக்கிற செடி. இதை வாங்குகிறவரிடம் சொல்லாமல் விற்காதீர்கள்.

சொல்லாமல் விற்றால் என்ன ஆகும் என்பதை எனக்குச் சிதம்பரத்துக்காரர் ஒருவர் காட்டினார். கீழவீதிப் பக்கம் வீடு, கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாங்கிப்போன தொட்டியைத் துணிப்பையில் போட்டு, பஸ் பிடித்துத் திரும்பி வந்துவிட்டார்.

"வாசனைச் செடின்னு குடுத்தீங்களேம்மா, ஒரு மாசமா மூக்க வெச்சுப் பாக்கறேன். மண்ணு வாசனதான் வருது. மண்ணதான் வித்தீங்களா?"

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். அவர் கோபமாகப் பையை மேசையில் வைத்தார். வைத்ததும் கடை முழுக்க இனிப்பாக மணத்தது. முந்தின நாளே செடியைப் பைக்குள் திணித்துக் கட்டி வைத்திருக்கிறார். அதில் இரண்டு இலை ஒடிந்து பைக்குள்ளேயே காய்ந்திருக்கிறது.

"சார், பைய மோந்து பாருங்க."

மோந்தார். இன்னொரு முறை மோந்தார். "இது எங்க வீட்டம்மா ஏதாவது போட்டு வெச்சிருப்பா" என்றார். சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. தொட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து இந்தச் செடி வாங்கும் எல்லோருக்கும் நான் தவறாமல் சொல்வது: "அறுத்துக் காயப்போட்டாத்தான் மணக்கும்."

செல்வியிடமும் அதையேதான் சொன்னேன்.

கடலூரிலிருந்து சிதம்பரம் சாலையில் முதுநகரைத் தாண்டிப் போனால், தொழிற்பேட்டைக்கு மேற்கே கிழக்கு மேற்காக ஓடும் சிறிய தெரு ஒன்று உண்டு. கிழக்குக் கோடியில் முதல் வீடு செல்வியுடையது. அந்த வீட்டுக்கு அப்பால் சீமைக் கருவேலம் மண்டிய ஒரு காலிமனை, அதற்கப்பால் சாலை, அதற்கப்பால் பேட்டை. பகலில் கடற்காற்று இறங்கியதென்றால் பேட்டையைக் கடந்து, காலிமனையைக் கடந்து, செல்வி வீட்டைத் தொட்டுக்கொண்டுதான் தெருவுக்குள் நுழையும். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செல்வியின் கணவர் ரமேஷ் பேட்டையில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, ஷிப்ட். செல்வி என் நர்சரிக்கு வந்தபோது சொன்னது இது:

"வூட்டுக்கும் மதிலுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்குக்கா. வெயிலே வராது. மல்லி வெச்சேன், செத்துப்போச்சு. ஆனா வாசனையா எதனா வேணும். மாமா சட்டையில வர்ற வாடைய கல்யாணம் ஆனதுலருந்து தோய்ச்சுக்கிட்டே இருக்கேன், போவமாட்டேங்குது."

நிழலில் வளரும், வாசனை தரும், காய்ந்த இலையைத் துணிக்கு நடுவில் வைக்கலாம். இதைவிடப் பொருத்தமான செடி அந்த வீட்டுக்கு இல்லை. சந்தில் செங்கல் ஜல்லியும் தேங்காய் மட்டையும் போட்டு நானே வைத்துக் கொடுத்தேன். ஒரு வருஷத்தில் சந்து முழுக்கப் பரவிவிட்டது. பீரோவைத் திறந்தால் கும்மென்று வாசனை. "ஷிப்ட்ல பசங்க கேக்கறானுங்கக்கா, மச்சான் இன்னா சென்ட்டு, வெளிநாட்டு சரக்கான்னு" என்று ரமேஷ் ஒருமுறை போனில் சொல்லிச் சிரித்தார்.

சம்பவம் ஒரு புதன்கிழமை. இலை ஓரமெல்லாம் பழுப்பாகிறது என்று செல்வி கூப்பிட்டிருந்ததால் போயிருந்தேன். கருகிய இலையையெல்லாம் முந்தின நாளே அறுத்து, நல்ல இலையும் நிறையச் சேர்த்து, மாடியில் பழைய புடவையை விரித்துக் காயப்போட்டிருந்தாள். நான் இதுவரை பார்த்ததிலேயே அதிக இலை அதுதான். படி ஏறும்போதே வாசனை வந்தது. கருகலுக்கு எனக்குத் தோன்றிய முதல் காரணம் போர்வெல் தண்ணீர். கோடையில் அந்தப் பக்கம் தண்ணீரில் உப்பு ஏறும், பெரணிக்கு அது ஆகாது. அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் கடற்காற்று இறங்கியது. கொஞ்ச நேரத்தில் தெருவிலிருந்து சத்தம்.

"அடிக்கறான்டி! வெளிய வாங்கடி எல்லாரும்!"

எதிர் வீட்டுத் தனம். அறுபது வயதுக்குக் கிட்டே. தெருவில் எல்லோருக்கும் அவர்தான் மூக்கு. பேட்டையிலிருந்து வாயு கசிந்து வந்தால் அங்கே 'அடிக்கிறான்' என்பார்கள்.

பேட்டையை ஒட்டி இருக்கிறவர்கள் மூக்கைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அழுகிய முட்டை, சுட்ட ரப்பர், நகப்பூச்சு என்று வாடையை வைத்தே எந்தத் திசை, எந்த ஷெட் என்று பேசுவார்கள். கெட்ட வாடைக்குப் பெரிதாகப் பயப்படமாட்டார்கள், ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். பழக்கமில்லாத நல்ல வாசனை வந்தால்தான் பயம். "நாறினா கதவ சாத்து, மணந்தா ஓடு" என்பது தனத்தின் சொல். நாற்றம் என்ற சொல்லே ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்தது என்று படித்திருக்கிறேன். அந்தத் தெரு அதை வேறு வழியில் கண்டுபிடித்து வைத்திருந்தது. அப்படிப்பட்ட தெருவின் தலைமாட்டில் நான் காயும்போது மணக்கிற செடியைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

நாங்கள் கீழே இறங்கியபோது தெருவில் இருபது பேருக்கு மேல் இருப்பார்கள். எல்லாம் பெண்கள், பிள்ளைகள், வயதானவர்கள்.

"இனிப்பா வருது பாரு, கண்ணு எரியுது" என்றார் தனம்.

"உனக்கு ஏன் எரியாது? காலையிலருந்து மொளகா வறுத்துக்கினு இருக்க" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர்.

"நான் வறுத்தது காலையில. இப்ப எரியறது இப்ப."

 பெரியவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் செல்வியைப் பார்த்தார்கள். ரமேஷ் ஷிப்டில் இருக்கிறார், அவளுக்குத் தெரியும் என்று எண்ணம். போன் போட்டாள். உள்ளே போனுக்கு அனுமதி கிடையாது. மணி அடித்து நின்றது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"அக்கா, இது நம்ம பெர்ன் செடி வாசனதானே? நீங்க சொல்லுங்கக்கா. செடிக்காரங்க சொன்னா கேப்பாங்க. போன தடவ இப்பிடித்தான் கம்பெனி கேட்டாண்ட போயி நின்னாங்க, மறுநாளு இந்தத் தெரு ஆளுங்க ரெண்டு பேர வேலைக்கு வராதேன்னுட்டான்."

எனக்கும் அது பெரணி வாசனையாகத்தான் பட்டது. மாடியில் அவ்வளவு நேரம் நின்றுவிட்டு வந்த மூக்குக்கு வேறு எது படும்? நீங்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான். ஒரே வாசனையில் ஊறிய மூக்கு சாட்சி சொல்லத் தகுதியில்லாதது. அந்தத் தெருவில் அன்று எல்லோரையும்விட மோசமான மூக்கு என்னுடையது. ஆனால் எல்லோரும் நம்பத் தயாராக இருந்ததும் என் வாயைத்தான்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. செல்வி வீட்டைத் தாண்டிக் கிழக்கே, காலிமனைக்குள் கொஞ்சம் நடந்தால் போதும். காற்று அங்கிருந்து வருகிறது. அங்கேயும் வாசனை இருந்தால் அது பெரணி இல்லை. இல்லாவிட்டால் பெரணிதான். இது எனக்கு அப்போதே தோன்றியது. பக்கத்து வீட்டுப் பெரியவரும், "நான் போயி பாத்துட்டு வரட்டா?" என்று கேட்டார்.

"போவாதீங்க" என்றேன். "பெர்னா இருந்தாலும் இருக்கும். மொதல்ல எல்லாரும் நடங்க. வடக்கால சந்து வழியா பள்ளிக்கூடத்துக்குப் போங்க. துணிய நனைச்சு மூக்குல வெச்சுக்கங்க."

காற்றோடு ஓடினால் வாடையும் கூடவே வரும். காற்றுக்கு எதிரே போனால் அதன் வாய்க்குள் போவதாகும். குறுக்கே போக வேண்டும். இது அந்தத் தெருவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் காத்திருந்தது யாராவது நட என்று சொல்வதற்கு. செல்வி என் கையை விட்டாள். அவள் முகத்தில் இருந்தது கோபமா பயமா தெரியவில்லை. ஆனால் குடத்துத் தண்ணீரில் முந்தானையை நனைத்துத் தனத்திடம் கொடுத்தது அவள்தான்.

பள்ளிக்கூட மைதானத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். யாரோ போன் செய்து போலீஸ் ஜீப் வந்தது, பிறகு தீயணைப்பு வண்டி. ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள். பேட்டைப் பக்கமிருந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் பதில். இருட்டுவதற்கு முன் எல்லோரும் வீட்டுக்குத் திரும்பினோம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. தனம் மட்டும் இரண்டு நாள் இருமினார். மிளகாய் இருமல் என்று தெருவே கேலி செய்தது.

வியாழக்கிழமை ரமேஷை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார் கான்ட்ராக்டர். அவர் வீட்டம்மாதான் தெரு ஆட்களைக் கிளப்பிவிட்டாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை, கான்ட்ராக்டரிடம் காட்ட ஒரு கடிதம் கேட்டு இருவரும் என் கடைக்கு வந்தார்கள்.

"பொய் எழுதச் சொல்லலக்கா" என்றார் ரமேஷ். "அந்தச் செடி மணக்கும். அன்னிக்கு மாடில காஞ்சுது. அதத்தான் எழுதணும். இதுல இன்னா தப்பு?"

தப்பு ஒன்றுமில்லை. அவர் சொன்னதெல்லாம் உண்மை. எழுத உட்கார்ந்தேன். ரமேஷின் சம்பளத்தில்தான் அந்தக் குடும்பம் ஓடுகிறது, பையன் பாலிடெக்னிக்கில் இருக்கிறான். எல்லாம் எனக்குத் தெரியும். முதல் மூன்று வரி சுலபமாக வந்துவிட்டது. பிறகு பேனா நின்றது. அந்த மூன்று வரியோடு கையெழுத்துப் போட்டால், படிக்கிறவர் நான்காவது வரியைத் தானே எழுதிக்கொள்வார்: ஆகவே அது பெரணிதான். உண்மையான வரிகளை மட்டும் அடுக்கியே பொய்யான முடிவுக்கு ஆளைக் கொண்டுபோய் விடலாம். உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு காகிதம் கேட்டு ஆள் வரும். செடி விற்கிறவர்களிடம் கேட்பார்கள், ஏனென்றால் நாம் சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

நான்காவது வரியை நான் எழுதினேன். ரமேஷ் படித்துவிட்டுக் காகிதத்தை மேசைமேல் வைத்தார்.

"கடசி வரி எதுக்குக்கா?"

"எனக்குத் தெரியாதுங்கறதும் உண்மைதானே."

"நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா இதெல்லாம் வந்திருக்குமா? ஒரு வார்த்த. பெர்ன்தான்னு. எல்லாரும் போயி டீவி பாத்திருப்பாங்க."

அவர் குரல் உயர்ந்தது. கடையில் பூச்செடி பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் தள்ளிப் போய் நின்றார்.  அவர் சொன்னதும் சரிதான். அந்த வரியை அடித்துவிடலாமா என்று பேனாவைக் கையில் எடுத்தேன். எடுத்ததை மறைக்கவில்லை.

செல்வி காகிதத்தை எடுத்துப் படித்தாள். மடித்தாள்.

"அப்பிடியே குடுங்க மாமா."

"உனக்கு இன்னாடி தெரியும்?"

"கடசி வரி இல்லாம குடுத்தா, நாளைக்கு நெஜமாவே அடிச்சாலும் கம்பெனிக்காரன் இந்தக் காகிதத்த காட்டுவான். செல்வி வூட்டு செடிம்பான். அப்பறம் தனம் அத்த கத்தினா ஒருத்தரும் வெளிய வரமாட்டாங்க. நம்ம புள்ளயும் அந்தத் தெருவுலதான் தூங்குது."

ரமேஷ் காகிதத்தை அவள் கையிலிருந்து வாங்கினார். பிறகு, "நீ வளத்த செடிக்கு நான் வக்கீல் வெக்கணும்போல" என்றார். பாதி சிரிப்பு, பாதி எரிச்சல். காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கையில் எடுத்த பேனாவை நான் மூடி வைத்தேன்.

அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் அவரை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். கடிதத்தால் என்று நான் சொல்லமாட்டேன். ஆள் பற்றாக்குறை என்று ரமேஷே சொன்னார். கான்ட்ராக்டர் கடிதத்தைப் பாதி படித்துவிட்டு, "செடியாடா? செடிக்கா இவ்வளோ கூத்து?" என்று சிரித்தாராம். எந்தப் பாதியைப் படித்தார் என்று கேட்டேன். அதை ரமேஷ் கவனிக்கவில்லை.

பெரணியைப் பிடுங்கிவிடலாம் என்று நானே செல்வியிடம் சொன்னேன். வேறு செடி தருகிறேன் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். இலை அறுக்கும் நாளில், அறுப்பதற்கு முன் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போடுவாள். எனக்கும் அனுப்புவாள். போன மாதம் வந்தது:

"இன்னைக்கு பெர்ன் அறுக்கறேன். நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் இனிப்பா வாசனை வரும். வேற மாதிரி வந்தா அது என்னுது இல்லை, எல்லாரும் வெளிய வந்துடுங்க."

கொஞ்சமாக அறுக்கிறாள். காற்று நின்றிருக்கும் நாளில் மட்டும் அறுக்கிறாள். மாடியில் போடாமல் சந்துக்குள்ளேயே கட்டித் தொங்கவிடுகிறாள். தனம் வந்து ஒரு இலையைக் கசக்கி மோந்துவிட்டுப் போவாராம், "இன்னைய கணக்குக்கு" என்று. பேட்டைக்குப் பக்கத்தில் வாசனைச் செடி வைக்கிறவர்களுக்கு நான் இப்போது சொல்வது இதைத்தான். இலை எப்போது மணக்கும் என்று வாங்குகிறவருக்குச் சொன்னால் மட்டும் போதாது, அவர் தெருவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இலை ஓரம் கருகியதற்குக் காரணம் உப்புத் தண்ணீர் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றத் தொடங்கியபின் சந்துக்குள் இருந்த செடிகள் தேறிவிட்டன. காலிமனையைப் பார்த்த கிழக்கு மதிலோரம் இருந்த இரண்டு மட்டும் தேறவில்லை. அந்த இரண்டுக்கும் அதே தண்ணீர்தான் ஊற்றினாள்.

காலிமனைக்குள் போய்ப் பார்க்க நான் யாரையும் விடவில்லை. இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் விடமாட்டேன். அன்று அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், கருவேலம் புதருக்குள்ளேயே இனிப்பு வாசனை வந்ததாகப் பின்னால் சொன்னார் என்று தனம் சொல்கிறார். அவர் சொன்னது புதன்கிழமையைப் பற்றியா, வேறொரு நாளைப் பற்றியா என்பது தனத்துக்கு நிச்சயமில்லை. ஆட்டுக்காரரை இரண்டு முறை தேடிப் போனேன். பிழைப்புக்காக வெளியூர் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே அன்று காலிமனையில் வாசனை இருந்ததா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படவில்லை.